ஓத்தீலியாவின் பெட்டியில் ஒரு படகு

சிலி நாட்டின் சிலோயே தீவில், காஸ்த்ரோ துறையிலிருந்து மேலேறும் தெருவில் எதெல்மீராவின் பட்டறை இருந்தது. பெட்டி, ரொட்டிப் பலகை, கரண்டி எல்லாம் அவளே செய்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பெயர் எழுதித் தருவாள். பெயர் மட்டும் போட்டால் அவளுக்குத் திருப்தி வராது. பரிசு யாருக்கு என்று நாலு வார்த்தை கேட்டு, ஓரத்தில் சின்னதாக எதையாவது சுட்டு வைப்பாள். கம்பளி பின்னுகிறவளுக்கு நூற்கண்டு. ஆப்பிள் மதுவை விடாதவருக்கு ஒரு ஆப்பிள்.

அந்த ஆகஸ்டில் ரொட்டிக்கடை ரெமிகியோ வந்து, மனைவி ஓத்தீலியாவுக்குத் திருமண வெள்ளி விழாப் பெட்டி கேட்டார். அவளைப் பற்றி விசாரித்ததற்கு, "நல்லவ" என்றதோடு சரி. அதனால் பெயரை மட்டும் எதெல்மீரா எழுதினாள். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். மெழுகு தேய்க்கக் கவிழ்த்தபோது அடிப்பலகையில் ஒரு படகு இருந்தது. பாய்மரம் வளைந்து, கொடி தலைகீழாகத் தொங்கியது. கோடு அவள் கைக்கோடுதான். எப்போது போட்டாள் என்பதுதான் தெரியவில்லை. இழைத்து எடுக்க மனம் வராமல் அப்படியே கொடுத்துவிட்டாள்.

நாலாம் நாள் ஓத்தீலியாவே வந்தாள். பெட்டியை மார்போடு அணைத்தபடி வாசலிலேயே நின்றாள்.

"இந்தப் படகு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்றாள் எதெல்மீரா.

ஓத்தீலியாவின் தங்கை சுனில்தா ஒன்பது வயதில் கடலோடு போனவள். சுவர், மேசை, ரொட்டி மாவு என்று எங்கே பார்த்தாலும் இந்தப் படகைத்தான் கீறுவாளாம். அவளுக்குக் கொடியை நேராகப் போட வராது. இதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை என்றாள் ஓத்தீலியா. பிறகு ஒரு மரத்துண்டை எடுத்து நீட்டினாள்.

"இன்னொரு தடவை போடுங்கக்கா. கை போற போக்குல போகட்டும்."

எதெல்மீரா மறுத்துப் பார்த்தாள். ஓத்தீலியா நகரவில்லை. கம்பி சூடானதும் எதெல்மீரா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புகை அடங்கியபின் பார்த்தால், நீரில் நிற்கும் மூன்று மரக்கால்கள். நடுக்கால் முறிந்திருந்தது.

"எங்க பழைய வீடு," என்றாள் ஓத்தீலியா.

வீடு போய்விட்டது. அதைத் தாங்கிய மரக்கால்கள் மட்டும் கரையில் நின்றன. மறுநாள் மத்தியானம் நீர் வடிந்ததும் இருவரும் சேற்றில் இறங்கினார்கள். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முறிந்த காலில் அப்பியிருந்த சிப்பிகளை எதெல்மீரா கத்தியால் பெயர்த்தாள். அடியில் அதே படகு, தலைகீழ்க் கொடியோடு, ஆழமாக வெட்டப்பட்டிருந்தது. குழந்தை இடுப்பு உயரத்தில்.

ஓத்தீலியா அதன்மேல் விரலை வைத்தாள்.

"அன்னிக்கு சண்ட போட்டு நான்தான் கதவச் சாத்துனேன். கீழ நின்னு இந்தக் கால ரொம்ப நேரம் தட்டுனா. அப்புறம் சத்தமில்ல. போய்ட்டான்னு நெனச்சேன். போகல பாருங்க. தண்ணி ஏற ஏற இத வெட்டிக்கிட்டு இருந்திருக்கா."

நீர் கணுக்காலுக்கு ஏறியது. எங்கோ பக்கத்தில் மரத்தில் மரம் தட்டுவது போல மூன்று சத்தம் கேட்டது. கட்டிப்போட்ட படகு ஏதாவது மோதியிருக்கும் என்று எதெல்மீரா சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஓத்தீலியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறிவிட்டாள்.

அன்றிரவே ஓத்தீலியா புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாளாம். அடுத்த ஞாயிறு இருவருமாகத் தேவாலயத்தில் தங்கை பேரில் பூசை வைத்தார்கள்.

எதெல்மீரா மூன்று வாரம் கம்பியைத் தொடவில்லை. பிறகு ஒரு ஆசிரியைக்குப் பெயர்ப்பலகை எழுதினாள். முடித்ததும் பின்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெறும் மரம். ஆனாலும் அதைக் கீழே வைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.