வலது பக்கம் நின்றவர்கள்

போன வாரம் கல்லூரி அலுவலகத்துக்கு விமலா போன் செய்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருப்பவள். "லூர்து அக்கா போயிட்டாங்க மேடம். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில, காலையில." சற்று நிறுத்தி, "லைன்ல வேற யாரும் இல்ல" என்றும் சொன்னாள். அந்தப் பழக்கம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று எக்ஸ்சேஞ்சில் லூர்து அக்காவோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும்.

எமர்ஜென்சியின்போது என் தம்பி சென்னையில் தலைமறைவாக இருந்தான். மில் தொழிற்சங்கத்தில் அவன் செய்த வேலைக்கு விசாரணையில்லாமல் உள்ளே வைப்பார்கள். ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு டிரங்க் கால் போட்டான். அந்த நாட்களில் எக்ஸ்சேஞ்சில் மஃப்டி போலீஸ்காரர் ஒருவர், ஆபரேட்டரின் பக்கத்தில் நாற்காலி போட்டு, இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருப்பார். இணைத்ததும் "பேசுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டிய லூர்து அக்கா, "லைன்ல போலீஸ்காரரும் இருக்காரு. பேசுங்க" என்றார்.

கன்னத்தில் அறை விழும் சத்தம் என் காதில் கேட்டது. "யாருக்குடி வேலை பாக்குற?" என்றது ஓர் ஆண் குரல். லூர்து அக்கா மூச்சு வாங்க, ஆனால் அதே தொனியில், "மெட்ராஸ், வெச்சிடுங்க" என்றார். தம்பி வைத்துவிட்டான். நான் வைக்கவில்லை. யாரோ போர்டிலிருந்து இணைப்பு வயரைப் பிடுங்கும்வரை அடி விழுந்துகொண்டிருந்தது.

தம்பி உடனே இடம் மாறினான், பிடிபடவே இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து போலீஸ் கொண்டுபோய்விட்டதாகக் கேள்விப்பட்டு, குரலைத் தவிர எதுவும் தெரியாத அந்தப் பெண்ணைத் தேடி நான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"அந்தம்மாவுக்கு நீங்க என்ன வேணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"டெலிபோன் சந்தாதாரர்."

அவர் சிரித்தார். "அப்ப லைன் கட்டாயிடும், பரவாயில்லையா?"

உள்ளே யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டில் கேட்கவும் வழியில்லை. காரணம் கேட்கும் உரிமையையே சட்டம் எடுத்துவிட்டிருந்தது. லூர்து அக்கா வெளியே வந்தபோது லத்தி பட்ட பாதங்கள் வீங்கி, இடது காதிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை.

ஆட்சி மாறியதும் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஸ்வீட் வாங்கிக்கொண்டு போய், "சட்டத்த எடுத்துட்டாங்க அக்கா" என்றேன்.

"எந்தச் சட்டம் டீச்சர்? என்னை உள்ள வெச்சது போச்சு. லைன்ல ஒட்டுக்கேக்குற சட்டம் அப்படியே கெடக்கு. அதுவும் நம்ம ஊர ஆண்ட பிரெஞ்சுக்காரன் போட்டதுகூட இல்ல, அடுத்த ஊர ஆண்ட வெள்ளைக்காரன் போட்டது." அரசியல் பாடம் நடத்தும் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, ஒரு லட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

தியாகி என்ற சொல்லை அவருக்குச் சூட்ட மாட்டேன். அவர் கோபக்காரர். "கேக்குறவன் கேட்டுட்டுப் போட்டும். கேக்குறான்னு பேசுறவனுக்குத் தெரியணும், அவ்ளோதான்" என்பார். சில ஆண்டுகள் கழித்து, ஏதோ ஸ்ட்ரைக்குக்காக மறுபடியும் போலீஸ்காரரின் அந்த நாற்காலி வந்தது. ஹெட்போனை வலது காதில் மாட்டிக்கொண்டு அதே வாக்கியத்தைச் சொன்னார். இம்முறை கை ஓங்கியவரிடம், "இந்தப் பக்கம் ஏற்கெனவே அடிச்சாச்சு சார், அந்தப் பக்கம் வாங்க" என்றாராம். ஓங்கிய கை இறங்கியது. ஆனால் அவரைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் சவப்பெட்டியை மூடும் முன் கடைசியாகப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வலது பக்கமே நெருக்கி நின்றோம். இடது பக்கம் காலியாகக் கிடந்தது. அவரிடம் பேச நாம் எப்போதும் போய் நின்ற இடம் வலது பக்கம், கேட்கும் காதின் பக்கம். இடது பக்கமும் வரச்சொல்லிப் பாதிரியார் இரண்டு முறை சொல்லியும் ஒருவரும் நகரவில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய அந்த ஒரு வாக்கியம். போனை எடுக்கும்போதெல்லாம், பேசும் முன், யாராவது அதைச் சொல்வார்களா என்று கொஞ்சம் காத்திருக்கிறேன்.