அத்தைக்காக நான் சொன்ன பெயர்

ரயிலில் போயிருந்தால் நான் கொச்சியைப் பார்த்திருக்கவே மாட்டேன். கொழும்பில் கடை வைத்திருந்த பெரியப்பா, தூத்துக்குடி வரை ரயிலில் போய் அங்கே கப்பல் ஏறலாம் என்றுதான் சொன்னார். கோழிக்கோட்டிலிருந்தே கப்பலில் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அத்தை. கொழிஞ்சாம்பாறைச் சந்தையைத் தாண்டிப் போகாதவளுக்குக் கடல்மேல் அப்படி என்ன ஆசை என்று ஊரில் சிரித்தார்கள். அந்தக் கப்பல் சரக்கு ஏற்றுவதற்காகக் கொச்சியில் ஒரு பகல் நிற்கும். இஞ்சி மண்டியில் வேலை என்று மாமா போனது அந்தக் கொச்சிக்குத்தான். போனவரிடமிருந்து சில வருஷங்களாகத் தகவலே இல்லை.

மாமாவைக் கண்டுவிட்டால் அத்தை அங்கேயே தங்கிவிடுவாள். காணாவிட்டால் கொழும்புக்குப் போய்ப் பெரியப்பா வீட்டோடு இருந்துகொள்வாள். அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டது இதுதான். "பையனும் வரட்டுமுங்கண்ணா, தொணைக்கு ஆச்சு" என்று அத்தை என்னையும் சேர்த்துக்கொண்டாள். எட்டு வயதுப் பையன், அதுவும் வெளியாளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போகிறவன், என்ன துணை என்று யாரும் கேட்கவில்லை.

கப்பல் கரையிலிருந்து தள்ளி நின்றது. வருஷா வருஷம் கடல் தாண்டுகிற பெரியப்பா வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டார். "பொழுது சாயறதுக்குள்ள வந்துரு அம்மிணி" என்று படுத்தபடியே சொன்னார். அத்தை ஒரு தூக்குப்போசியை இடுக்கிக்கொண்டு வள்ளத்தில் இறங்கினாள். அதில் எள்ளுருண்டை. மாமாவுக்கு உயிர். வழியெல்லாம் ஒன்று கேட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

கரையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தண்ணீருக்கு மேல் கொக்கு போலக் கழுத்தை நீட்டி நின்ற சீன வலைகள், எங்கள் ஊர்க் கோயிலைவிடப் பழசாய்த் தெரிந்த மாதாகோயில், சத்தமே இல்லாத வெள்ளைக்கார வீதி, அது முடிந்ததும் வண்டியும் மூட்டையும் வசவுமாக மண்டித் தெரு. நான் ஒவ்வொன்றையும் காட்டினேன். "ஆமா கண்ணு" என்றாள் அத்தை, எதையும் பார்க்காமல். மூட்டை தூக்கிப் போகிற ஆண்களின் முகத்தையும், முகம் தெரியாவிட்டால் முதுகையும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

முதல் மண்டி வாசலில்தான் என் வேலை என்னவென்று தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள்; அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அத்தை என் முதுகில் விரலால் குத்தி, "கேளு கண்ணு" என்றாள். பெரியவர்கள் பெயரைச் சொன்னால் வாயிலேயே அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். "எங்க மாமாவுங்க..." என்றதோடு மாமா பெயர் என் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"ஏலே, பேரை நீயே முழுங்கிட்டா நாங்க ஆளை எங்க தேட?" என்றார் திருநெல்வேலிச் சுமைகாரர் ஒருவர். இன்னொருவர், "மாமனைத் தொலைச்சுட்டு மருமகன் தேடுதான், பாத்துக்கிடுங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாலைந்து மண்டிக்குப் பிறகு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கடைசியில் திட்டு வாங்காமல் ஒரு பெரியவர் பெயரைக் கத்துகிற சுகத்துக்காகவே கத்தினேன்.

உச்சி தாண்டிய நேரத்தில் ஒரு கணக்குப்பிள்ளை தலை நிமிர்ந்தார். "அவனா? கப்பலுக்குச் சரக்கு கொண்டு போயிருக்கான். வீடு அந்த இஞ்சிக் களத்துக்குப் பின்னால."

களத்தில் சுக்காவதற்காகச் சுண்ணாம்பு பூசிய இஞ்சி வெயிலில் கிடந்தது. மூக்கு எரிந்தது. ஓலை வீட்டு வாசலில் ஒரு பெண் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் சின்னப் பெண்குழந்தை. நான் பெயரைச் சொல்லி, "அவரு ஊடுங்களா?" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தையை முன்னால் தள்ளி, "அப்பா பேரு என்ன? நீ சொல்லும்மா" என்றாள். குழந்தை மழலையில் மாமா பெயரைச் சொன்னது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். அத்தை என் கையைப் பிடித்தாள். "யாரு நீங்க, எந்த ஊரு?" என்றாள் அந்தப் பெண்.

"வழி தப்பி வந்துட்டோமுங்க" என்றாள் அத்தை. குனிந்து, தூக்குப்போசியை அந்தக் குழந்தையின் கையில் கொடுத்தாள். போசியோடு.

திரும்புகிற வழியெல்லாம் நான் சண்டை போட்டேன். பேரு அதேதானே? "பேரு ஒண்ணு, ஆளு வேற" என்றாள். அப்படியானால் எள்ளுருண்டையை ஏன் கொடுக்க வேண்டும்? அத்தை நடையை எட்டிப் போட்டாள். எங்கள் வள்ளம் கப்பலுக்குப் போகையில், கப்பலில் சரக்கை ஏற்றிவிட்டு ஆட்களோடு கரைக்குத் திரும்பிய பெரிய தோணி ஒன்று எதிரே வந்தது. நான் கையசைத்தேன். ஒருவர் பதிலுக்குக் கையசைத்தார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மேற்கு வெயில் கண்ணில் அடிக்கிறது என்று நினைத்தேன்.

"ஆளு கெடச்சாரா?" என்றார் பெரியப்பா.

"இல்லீங்கண்ணா."

"ஒரு பொம்பள இருந்தாங்க பெரியப்பா," என்றேன் நான், ஆத்திரம் தீராமல். "புருசன் பேருகூடத் தெரியல. பச்சக் கொழந்தையச் சொல்லச் சொன்னாங்க." பெரியப்பா அத்தையைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுபடி வாந்தி வருகிறது போல என்று நினைத்தேன்.

எனக்குக் கல்யாணமாகி, மகனும் பேசப் பழகிய பிறகு, பொள்ளாச்சியிலிருந்து மாடு பார்க்க வந்த ஒருவர் எங்கள் வாசலில் நின்று, "இது யாரு ஊடுங்க?" என்று கேட்டார். நான் உள்ளே எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு மகனை முன்னால் தள்ளினாள். "அப்பா பேரைச் சொல்லு கண்ணு."

அவன் சொன்னான். கொச்சியில் அந்தக் குழந்தை வாயைத் திறப்பதற்கு முன்பே அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. வந்தவர் மறுபடி மறுபடி கூப்பிட்ட பிறகுதான் நான் வெளியே போனேன்.