பரணிலிருந்து இறங்கிய பறை

நான் பத்தாவது தேறிய அன்று அப்பா பறையைப் பரணில் ஏற்றினார். ஊர்ச் சாவுக்கு இனி அடிப்பதில்லை என்று அவராக முடிவெடுக்கவில்லை. நான் கேட்டேன், ஏற்றினார். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதற்காக நான் அவரிடம் கேட்டது அது ஒன்றுதான். பறையைப் பூச்சி அரித்துவிட்டது என்று ஊரில் சொல்லிவிட்டு, அவர் ஒரகடம் பக்கம் கல்குவாரிக்கு ஜல்லி உடைக்கப் போனார். ஊரில் சாவு விழுந்தால் வெளியூரிலிருந்து மேளம் வந்தது. ஊர்த்தெருக்காரர்கள் எங்களை முறைத்தார்கள். முறைக்கட்டும் என்று இருந்தேன்.

1991இல், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், கிராமங்களில் மாலை வகுப்பு நடத்தப்போகும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நானும் போனேன். சென்னையிலிருந்து வந்த ஒரு சார்தான் நடத்தினார். நல்ல மனிதர், இன்றும் அப்படித்தான் சொல்வேன். முதல் நாளே கரும்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "இது இல்லாம சொல்லிக் குடுங்க பார்க்கலாம்" என்றார். கோணிக் கிழிசலில் பொம்மை செய்தோம். புளியங்கொட்டையை அடுக்கி எழுத்து காட்டினோம். குழாயடிச் சண்டையை நாடகமாக நடித்தோம். பத்து வருஷம் பலகையைப் பார்த்து எழுதியே படித்தவள் நான். ஒரு வகுப்பறையில் என் குரலை நானே கேட்டது அங்கேதான்.

ஒரு நாள், வீட்டில் சத்தம் எழுப்பும் பொருள் ஏதாவது கொண்டுவரச் சொன்னார். மறுநாள் முறம், தகர டப்பா, மாட்டு மணி எல்லாம் வந்தன. நான் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துப் போயிருந்தேன். எங்களோடு பயிற்சிக்கு வந்த பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் சிரித்தான்.

"இன்னாமே, தட்ட தூக்கினு வந்துகீற? சார், இவுங்க வூட்ல மேளமே கீது சார்."

பின்வரிசையிலும் சிரித்தார்கள். சாருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. அது நம் மண்ணின் கலை, பாடம் சொல்ல அதைவிட நல்ல கருவி இல்லை என்றார்.

"அது சாவுக்கு அடிக்கிறது சார்."

"அதைத்தாம்மா மாத்தணும்."

கொண்டுவர மாட்டேன் என்றேன். அவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்கள் தம்ளரில் டீ குடித்தார். பேன்ட் போட்ட ஒருவர் எங்கள் வீட்டில் அப்படி உட்கார்ந்து அப்பா பார்த்ததில்லை. சார் கேட்டு முடிப்பதற்குள் அப்பா பரணில் கை விட்டார்.

"நீ ஏன் கண்ணு மூஞ்சிய தூக்கி வச்சினு கீற? படிப்புக்குத்தான கேக்குறாரு" என்றார் என்னிடம்.

பயிற்சியின் கடைசிக் கட்டமாக ஒவ்வொரு ஊரிலும் நாடகம் போட்டு வகுப்பைத் தொடங்க வேண்டும். முதலில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் ஊர்த்தெருவில் இருந்தது. அதன் தாழ்வாரத்தில் மின்விளக்கு உண்டு. எங்கள் காலனிப் பெண்கள் மாலையில் அங்கே உட்கார்ந்து படிக்கட்டும் என்று ஊர்த்தலைவரிடம் சார் பேசி அனுமதி வாங்கியிருந்தார்.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து, பை மாட்டிய புதிய முகங்களைக் கண்டாலே சனங்கள் கதவைச் சாத்தினார்கள். "மேளம் அடிச்சா வெளிய வருவாங்க" என்றார் சார். என்னைப் பார்த்துச் சிரித்தவனே பறையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அவன் அவனூரில் ஊர்த்தெருக்காரன். பறையை அவன் சாவு வீட்டில் மட்டும்தான் கேட்டிருக்கிறான். அவன் கைக்குத் தெரிந்தது சாவு அடி ஒன்றுதான். சாருக்கு எல்லா அடியும் ஒன்றுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் படுதா கட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் ஓடினேன். அதற்குள் தலைவர் வீட்டு முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவருடைய அப்பா வாதம் வந்து இழுத்துக்கொண்டு கிடந்தார். ஒரு கிழவி தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியே தொடங்கியிருந்தாள்.

"நிறுத்துடா. எங்கப்பனுக்கு இன்னும் மூச்சு கீது" என்று தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அடித்தவனைப் பார்த்தார், பிறகு பறையைப் பார்த்தார். "இது இவ அப்பன் மேளம்தான?"

சார் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அவரை ஒருவரும் திட்டவில்லை. மோர் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். அப்பாவுக்கு ஆள் போனது.

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

"மேளம் பூச்சி அரிச்சிப் போச்சின்ன. நல்லாத்தான கீது?"

"தப்புதான் ஆண்டே."

"எங்கப்பன் போற அன்னிக்கி நீ வந்து அடிக்கணும். வந்தியானா உங்க பொம்பளைங்க தாழ்வாரத்துல படிச்சிக்கட்டும். இல்லன்னா லைட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"எங்கப்பா வரமாட்டாரு" என்றேன்.

தலைவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பொண்ணு நல்லா பேசுதுடா" என்றார் அப்பாவிடம், மெதுவாக.

"வரேன் ஆண்டே" என்றார் அப்பா உடனே.

திரும்பும் வழியில், ஏன் ஒத்துக்கொண்டாய் என்று சண்டை போட்டேன். "அவன் உன்ன இன்னா மாதிரி சொன்னான்னு கேட்டியா? வேற இன்னா சொல்லச் சொல்ற?" என்றார்.

அந்த வாரமே பெரியவர் இறந்தார். அப்பா வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சி, காலையிலிருந்து சுடுகாடு வரை அடித்தார். நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பழக்கம் விட்டுப்போன அவர் விரல்கள் வீங்கியிருந்தன. அம்மாதான் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

தாழ்வாரத்துக்குப் போக வேண்டாம், காலனியிலேயே சிம்னி விளக்கு வைத்துப் படிக்கலாம் என்று பெண்களிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு அத்தை சிலேட்டை இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஒங்கப்பன் கை வீங்கி வாங்கினு வந்த லைட்டுடி அது. வேணான்றதுக்கு நீ யாரு? முன்னால நட."

நடந்தேன். அன்று அவர்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்கள். அடுத்த மாதம் சார் வந்து பார்த்துவிட்டு, எங்கள் மையம்தான் நன்றாக நடக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னாராம்.

ஊரில் அடுத்த சாவு விழுந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சொல்ல வந்த ஆள் காலனிக்குப் போகவில்லை. தாழ்வாரத்துக்குக் கீழே நின்று என்னிடமே சொன்னான்.

"ஒங்கப்பன வெடிகாலைல வரச் சொல்லு."

பாடத்தை முடித்தேன். பிறகு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.