பன்றிக்கு வந்த தம்பி

அந்தக் கார்த்திகையில் என் தங்கச்சியின் கடலைக்கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கிப் பாதியைக் கிண்டிப் போட்டுவிட்டது. சேதி கேட்டதும் அன்னவாசலில் இருந்து எங்கள் தம்பி வந்தான். மூன்று நாள் அவள் வீட்டிலேயே தங்கி, வனத்துறை ஆபீசுக்கு மனுக் கொடுத்து, குளம்புத் தடத்தைச் செல்போனில் படம் பிடித்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினான். நான் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். கிளம்பும்போது வண்டியை அணைக்காமலே, "வாரேங்க்கா" என்றான். அவ்வளவுதான்.

எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டுப் பின்புறமும் ஒன்று இறங்கித்தான் இருந்தது. பாசி. துவைக்கிற கல்லைச் சுற்றி மெத்தை விரித்த மாதிரி. ஐப்பசி மழையில் அதில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, வெட்கம். பன்றி என்றால் ஊர் கூடும். பாசி என்றால் பார்த்து நடக்கக்கூடாதா என்பார்கள். பன்றி உறுமும், தடம் விட்டுப் போகும். பாசிக்குச் சத்தமும் கிடையாது, போக்கிடமும் கிடையாது. வெயிலில் கருகிக் கிடக்கும், நாலு தூறல் விழுந்தால் பச்சை பிடிக்கும். அதன் பேரில் மனு எழுத முடியுமா?

துடைப்பம் பிடிக்கிற அளவுக்குக் கை தேறிய பிறகும் நான் அதைத் தேய்க்கவில்லை. பொங்கல் சீர் கொண்டு வரும்போது தம்பி பார்க்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

அதற்குள் தங்கச்சி வந்தாள். மார்கழியில் மறுபடி விதைத்திருந்தாள். கொல்லையைச் சுற்றிக் கலர் சேலை கட்டினால் பன்றி அண்டாதாம், பழைய சேலை வேண்டுமாம். கொடியில் கிடந்ததைத் தானே எடுக்கிறேன் என்று பின்னால் போனவள், பாசியில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள்.

தம்பி உடனே வந்தான், அவளைப் பார்க்கத்தான். என் கட்டிலில் கட்டுப் போட்ட காலை நீட்டிக் கிடந்தாள். அவன் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"என்னக்கா, இம்புட்டுப் பாசி கெடக்கு. தேச்சுவிட மாட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி சொன்னாள்:

"அக்காவுக்குக் கை முடியலடா. ஐப்பசியிலேருந்து எடது கையாலதான் வாளி தூக்குது. கேட்டா ஒண்ணுமில்லைங்கும். நீ என்னைக்குப் பாத்த?"

தம்பி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பிளீச்சிங் பவுடரும் தென்னைத் துடைப்பமும் எங்கே என்று கேட்டான். மத்தியானம் வரை தேய்க்கிற சத்தம் கேட்டது.

நான் தங்கச்சியின் காலடியில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்தேன். சேலை கேட்டாளே என்று, பெட்டியைத் திறந்து உடுத்துகிற சேலைகளிலும் இரண்டை எடுத்து வைத்தேன். எதற்கக்கா நல்லதையெல்லாம் என்றாள். பாசியை வேண்டுமென்றே விட்டுவைத்ததை மட்டும் இன்று வரை அவளிடம் சொல்லவில்லை.