நீல நாய் என்று சொன்னவர்கள்

நாய்ப் படத்துக்கு நிறம் திருத்துகிறவனிடம் நாய் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்வதெல்லாம் அதன் கயிற்றைப் பிடித்திருப்பவர்கள்தான்.

கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையை வெளுக்க வைத்துக் கை சோர்ந்தவர்கள், பாஸ்போர்ட் படத்தில் ஒருவர் காதைச் சமப்படுத்தித் திட்டு வாங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு சந்து, சந்தில் ஒரு மாடி, மாடியில் ஸ்டுடியோ. முதலாளி பினு. என்னைவிட முப்பது வயது இளையவன். அவன் வெளியே போய் நாய்களைப் படம் எடுத்து வருவான். புல்லில் நின்ற நாய்க்கு வயிறு பச்சையாக இருக்கும். கடற்கரையில் நின்ற நாய்க்கு மூஞ்சி இருட்டிக் கிடக்கும். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் சரியாக்குவது என் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். திரையில் இருக்கும் இங்கிலீஷ் எனக்கு வாசிக்க வராது. எது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். மேலே முதலில் இருக்கும் கோட்டை இடப்பக்கம் இழுத்தால் படம் நீலமாகும், வலப்பக்கம் இழுத்தால் மஞ்சளாகும். பாதி வேலை அதில் முடிந்துவிடும்.

உச்சிவெயில்

காலை ஏழு மணி வெளிச்சத்தில் எடு என்று பினுவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நாயைக் குளிப்பாட்டி, காயவைத்து, கழுத்தில் ரிப்பன் கட்டி வீட்டுக்காரர்கள் கிளம்பும்போது பதினொன்றரை ஆகிவிடுகிறது. உச்சிவெயிலில் எடுத்த நாய்க்குக் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் இருக்கும். அந்தக் குழியிலிருந்து கண்ணைத் தோண்டி எடுப்பவன் நான். படத்தின் மூலையில் பெயர் போட்டுக்கொள்பவன் பினு.

இந்த வருஷம் அவன் கொண்டுவந்த படமெல்லாம் மஞ்சள் காமாலை வந்ததுபோல இருந்தது. கேமராவைப் பழுது பார்க்கக் கொடு என்றேன். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை சொல்லிவிட்டேன். கடைசியில் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு அறுபத்தேழு வயது. இந்த நாற்காலி போனால் வேறு யாரும் எனக்கு நாற்காலி போடமாட்டார்கள். அது தெரிந்துதான் அவன் அப்படிச் சொன்னான்:

“கேமராவுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. இனி மூணு படம் திரும்பி வந்தா, கலர் வேலைய எறணாகுளத்துக்கு அனுப்பிடுவேன், கேட்டோ.”

சுக்குக்காப்பி

முதல் படம் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் வித்துராவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பிள்ளை என்பவர். நாஞ்சில்நாட்டுக்காரர், என் ஊருக்குப் பக்கத்து ஊர். அவருடைய செவலை நாயைப் பொன்முடி போகும் வழியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நிறுத்தி எடுத்திருந்தார்கள். தேயிலையின் பச்சை நாயின் மேலெல்லாம் ஏறிக் கிடந்தது. ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து முடி முடியாகப் பச்சையை எடுத்தேன். போகிற போக்கில் அந்தப் பாழாய்ப்போன மஞ்சளையும் எடுத்தேன்.

பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்ட படத்தை, மழையில் பாலித்தீன் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார் மனுஷன். நம் ஊர்க்காரர், நமக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். பினுவும் இரண்டு வாடிக்கையாளர்களும் நிற்கும்போது சத்தமாகச் சொன்னார்:

“வேய், செவலை நாய் வெறச்சி நீலம் பாரிச்சுல்லா நிக்கி. மொதல்ல அதுக்கு ஒரு சுக்குக்காப்பி போட்டுக் குடும்.”

அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து வித்துரா என்று பலகை போட்ட பஸ்ஸை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கிண்ணத்தில் வந்த சாட்சி

இரண்டாவது, வலியசாலை மாமி. அக்கிரகாரத் தெருவில் வீட்டு வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் நாய் உட்கார்ந்திருக்கும் படம். நாய்க்கு என்ன நிறம் என்று முன்பே கேட்டிருந்தேன். பால்பாயச நிறம் என்றார்கள். சரி, வெள்ளைதான் என்று வெள்ளையாக்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாமி மாடியேறி வந்தார். கையில் மூடி போட்ட சின்னக் கிண்ணம். துணிக்கடையில் பிளவுசுக்கு நிறம் பார்ப்பதுபோலக் கிண்ணத்தைத் திரையோடு ஒட்டிப் பிடித்து, “இப்போ சொல்லுங்கோ, ரெண்டும் ஒண்ணா?” என்று கேட்டார். இல்லைதான். திரையில் நாய் நல்ல வெள்ளையாக இருந்தது. பாயசம் மஞ்சளாக இருந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: பால் அடிப்பிடித்திருக்கும் மாமி, தீயைக் குறைத்து வைத்துக் காய்ச்சியிருக்க வேண்டும்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மாமி பினுவைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்:

“நாப்பது வருஷமா பாயசம் வெக்கறேன். எங்காத்துப் பாயசம் மஞ்சள்னு சொன்ன மொத மனுஷர் நீங்கதான். நன்னா கண்ணைத் தொடச்சுண்டு பாருங்கோ.”

கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். பாயசத்தை நான்தான் குடித்தேன். அடிப்பிடித்த வாசனை கொஞ்சமும் இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மூன்றாவது

லேகா என்று ஒரு பெண். ஏதோ ஆபீசில் வேலை. அவளுடைய கிழநாயைச் சங்குமுகம் கடற்கரையில் சூரியன் இறங்கும் நேரத்தில் பினு எடுத்திருந்தான். எடுத்து நான்கு நாளில் நாய் செத்துப்போயிற்று. அந்தப் படம் ஒன்றுதான் உண்டு என்று பினு சொல்லியே கொடுத்தான். நானும் மனசு வைத்துத்தான் செய்தேன். மூஞ்சியின் இருட்டை விலக்கி, நரைத்த மீசையை ஒவ்வொன்றாகத் தெரியவைத்தேன். மஞ்சள் மட்டும் எவ்வளவு இழுத்தும் போகவில்லை. கோட்டை இடக்கோடி வரை கொண்டுபோய் விட்டேன்.

இவளாவது சண்டை போட்டிருக்கலாம். படத்தை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

“அங்கிள், இது சாயங்காலம் எடுத்தது. இதுல காலை மாதிரி இருக்கு. காலையில அவன் எழுந்திரிக்கவே மாட்டானே.”

சட்டை

அவள் படியிறங்கியதும் பினு என் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். நான் என் மூக்குக்கண்ணாடியையும் டிபன் பாத்திரத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். போகச் சொல்லும் முன்னால் போய்விடுவது மரியாதை. அவன் என் கையைப் பிடித்து நிறுத்தி, “என் சட்டை என்ன கலர் அண்ணாச்சி?” என்று கேட்டான். சந்தனம் என்றேன்.

“அண்ணாச்சி, இது வெள்ளை. இன்னிக்குக் காலையிலதான் பிரிச்சுப் போட்டேன்.”

இரண்டு நாய்

ஆஸ்பத்திரியில் டாக்டர் திமிரம் என்றார். நம் ஊரில் கண்புரை என்போம். இரண்டு கண்ணிலும் பழுத்து மஞ்சளாகிக் கிடந்ததாம். முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. சில வாரம் கழித்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அந்த மூன்று நாய்களையும் திறந்தேன். வலது கண்ணை மூடிப் பார்த்தால் அருமையான நாய்கள். இடது கண்ணை மூடிப் பார்த்தால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துவைத்த நாய்கள். மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் அப்படியேதான்.

மூன்றையும் புதிதாகச் செய்தேன். லேகாவின் படத்தில் கோட்டைத் தொடவே இல்லை. பினு எடுத்த சாயங்காலம் அப்படியே இருக்கட்டும் என்று மூஞ்சியை மட்டும் வெளிச்சமாக்கினேன். அவள் வந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைக்கும் மாமிக்கும் பினுவே கொண்டுபோய்க் கொடுத்தான். நான் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்தவனிடம் எறணாகுளம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மேஜையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்து என் இடது கண்மேல் கட்டிக்கொண்டே சொன்னான்:

“மத்த கண்ணும் சரியாகட்டும், அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் இதை அவிழ்த்தா வேலைய எறணாகுளத்துக்கே அனுப்பிடுவேன், கேட்டோ.”

அந்த மூன்று பேரும் சொன்னது சரிதான் என்று என் ஒரு கண் ஒத்துக்கொண்டுவிட்டது. துணிக்கு அடியில் இருக்கும் இன்னொரு கண்ணுக்கு அவர்கள் மேல் கோபம் இன்னும் தீரவில்லை.