பங்களாவில் கடித்த ஏலக்காய்

போன வருடம், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். வெள்ளைக்காரத் துரை குடியிருந்த வீடு, இப்போது காட்சிக்கூடம். கட்டில், கணப்பு, குளிக்கிற தொட்டி எல்லாம் அப்படியே இருக்கின்றன. எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கொட்டாவிதான் வந்தது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர். துரை எதில் குளித்தால் அவருக்கென்ன.

கடைசி அறையில் ஒரு மரத்தட்டு நிறைய ஏலக்காய் வைத்திருந்தார்கள். தொடக்கூடாது என்று பலகையும் இருந்தது. போடி வியாபாரிக்குப் பலகை எங்கே கண்ணில் படும்? காயைக் கண்டால் ஒன்றை எடுத்து, நகத்தால் பிளந்து, உள்ளே இருக்கும் அரிசியை வாயில் போட்டுப் பார்க்காமல் நகர மாட்டார்கள். கல்யாண வீட்டு பிரியாணியில் கிடைத்தாலும் இவர் அதைத்தான் செய்வார். இங்கேயும் செய்தார்.

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் வாசலிலிருந்து பாய்ந்து வந்து அவர் தாடையைப் பிடித்தார்.

“துப்புங்க பாய், வெரசா துப்புங்க. பூச்சி அரிக்காம இருக்க மருந்து அடிச்ச காய் அது.”

இவர் விழித்துக்கொண்டு நிற்க, அந்தப் பெண்ணே வாய்க்குள் விரலை விட்டு வழித்தெடுத்தார். இவரை வாய் கொப்பளிக்க வைத்து, மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு, பங்களாவைப் பூட்டிவிட்டு அந்தப் பெண்ணும் எங்களோடு ஜீப்பில் ஏறினார். என்ன மருந்து என்று டாக்டர் கேட்பாராம்.

வளைவுகளில் இறங்கும்போது உதடு மரத்துப்போகிறது என்றார் இவர். அதற்கப்புறம் பேசவே இல்லை. பேசாமல் இருக்கிற மனிதர் இல்லை இவர். நான் ஓதிக்கொண்டே வந்தேன். பயத்தில் பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

போடி ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது அந்த பாட்டிலைத்தான். ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“காய் நல்ல காய்தாம்மா. பச்சை நிறந்தான் போயிருச்சு.”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். நான் அழுதுவிட்டேன். இனி பயமில்லை என்று டாக்டர் வந்து சொன்னது அதற்குப் பிறகுதான்.

இப்போதெல்லாம் சாப்பாட்டுக்கு நடுவில் இவர் காய் விலை பேச ஆரம்பித்தால் நான் முன்போல எழுந்து போவதில்லை. அந்தக் குரலைக் கேட்காமல் ஒருமுறை மலை இறங்கியிருக்கிறேன்.