ஐந்தாம் நம்பர் பூச்சு

எங்கள் நாடகக் கம்பெனி ராசிபுரத்தில் கொட்டகை போட்டிருந்தபோது அந்த நோட்டீஸ் வந்தது. சென்னை வியாபாரி ஒருவர் சீமையிலிருந்து இறக்கிய மேக்கப் சாமான்களைச் சேலத்தில் இரண்டு நாள் பரப்பிவைத்துக் காட்டப்போகிறாராம். நாடகத்திலும் பேசும் படத்திலும் ஒப்பனை செய்கிறவர்கள் வரலாமாம்.

நான் நெசவுக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். நூலுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்துவிட்டு, எப்படியோ முகத்துக்குச் சாயம் ஏற்ற வந்துவிட்டேன். அரிதாரத்தையும் முத்துவெள்ளையையும் எண்ணெயில் குழைத்துக் குழைத்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அதற்கு ஏதாவது வழி கிடைக்குமா பார்க்கலாம் என்றுதான் கிளம்பினேன்.

எங்கள் கம்பெனியில் ஸ்திரீபார்ட் போட்டவள் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரி. முப்பது வயதிருக்கும். எட்டு வயதில் அம்மை வார்த்து, பிழைத்தாள். அதே அம்மையில் அவள் தாய் பிழைக்கவில்லை. கன்னமெல்லாம் குழி. மெழுகை இளக்கிக் குழிகளை அடைத்து, மேலே பூச்சுப் பூசி அவளை மகாராணியாக்குவது என் வேலை. மேடையில் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சேலத்துப் படக் கம்பெனி ஒன்று அவளைக் கேமராச் சோதனைக்குக் கூப்பிட்டிருந்தது. கேமரா மூக்குக்கு நேரே வந்து நிற்குமென்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“ஏனுங்ண்ணா, நானும் வாரேனுங்க. அந்தப் புதுப் பூச்சு என்ர மூஞ்சிக்கு ஒத்து வருமான்னு பாக்கோணும்” என்றாள்.

“அங்கே எல்லாம் ஆம்பளைகளா இருப்பாங்க, அம்மணி.”

“இருந்துட்டுப் போறாங்க.”

காலை பஸ்ஸில் போனோம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கல்யாணச் சத்திரத்தில் கடை விரித்திருந்தார்கள். நிறத்துக்கு ஒரு நம்பர் போட்ட ஈயக் குழாய்களில் பூச்சு, வெள்ளித்தாள் சுற்றிய வண்ணக் குச்சிகள், ஒட்டு மீசை, தாடி, டோப்பா. கரூர், ஈரோடு, மதுரை என்று முப்பது பேர் வந்திருந்தோம். ஒவ்வொருவரும் குழாயைத் திறந்து மோந்து பார்த்தோம். பெண் என்று அவள் ஒருத்திதான். முந்தானையை முகத்தின் ஓரம் இழுத்துப் பிடித்தபடி சுவரோடு நின்றாள்.

கோட்டுப் போட்ட அந்த வியாபாரி நடுவில் ஒரு நாற்காலி போட்டு, பெரிய மின்விளக்கை எரியவிட்டார். “பூசிக் காட்ட ஒரு முகம் வேணும். அம்மா, நீங்க வந்து உட்காருங்களேன்” என்றார் அவளைப் பார்த்து.

அவள் உட்கார்ந்தாள். அவர் ஈரத்துணியை எடுத்து, “முதல்ல இருக்கிற பவுடரைத் துடைச்சிடலாம்” என்றார். அந்தப் பவுடருக்கடியில் காலையில் நான் அடைத்த மெழுகு இருந்தது. “வேண்டாங்க, வேற ஆளைப் பாருங்க” என்று எழுந்துவிட்டேன்.

“இருங்கண்ணா” என்றாள் அவள். “நானே கழுவிட்டு வாரேன்.”

பின்கட்டுக் கிணற்றடிக்குப் போய் மெழுகையும் சுரண்டிக் கழுவிவிட்டு, ஈரம் சொட்ட வந்து விளக்குக்கு நேரே உட்கார்ந்தாள். குழாயை மோந்துகொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வியாபாரியும் ஒரு கணம் தடுமாறினார். பிறகு ஒன்றும் கேளாமல் ஐந்தாம் நம்பர் குழாயை எடுத்துப் பதவிசாகப் பூசினார். குழிகள் மறைந்தது நிஜம்தான். ஆனால் அது வெள்ளைக்காரர் முகத்துக்குச் செய்த நிறம். எங்கள் அம்மணி சாம்பல் பூசினவள் போல இருந்தாள். பின்னாலிருந்து ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

அவள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது ஆருங்க? எங்கூட்டுப் பொண்ணு இல்லீங்களே!”

சத்திரமே சிரித்தது. வியாபாரியும் சிரித்துவிட்டு, “நம்ம ஆளுங்களுக்கு ஏத்த நம்பர் இன்னும் வரலை. உங்ககிட்ட அதை மறைச்சுப் பிரயோஜனமில்லை. உங்கள்ல யாராவது சரி பண்ணிக் காட்டுங்களேன்” என்றார்.

நான் போனேன். கிழவர் வேஷத்துக்குச் சுருக்கம் வரையும் பழுப்புக் குச்சியை இளக்கி, மஞ்சளைத் துளி சேர்த்து ஐந்தாம் நம்பரோடு குழைத்தேன். சாயத்தொட்டியில் நிறம் பிடிப்பது போலத்தான். “இன்னும் கொஞ்சம் சிவப்பு விடுங்க” என்றார் கரூர்க்காரர். “தாடைப் பக்கம் அழுத்தாதீங்க” என்றார் இன்னொருவர். சிரித்தவனே வந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தான். கடைசியில் அவள் கழுத்தும் கன்னமும் ஒரே நிறத்தில் வந்து நின்றன.

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் கண்ணாடியை மடியில் கவிழ்த்துவிட்டாள்.

“அம்மை வராமப் போயிருந்தா நான் இப்படித்தான் இருந்திருப்பேனாட்ட இருக்குதுங்ண்ணா” என்றாள் பிறகு. “எங்கம்மா சாயல்.”

வியாபாரி இரண்டு குழாய்களைக் காகிதத்தில் மடித்து அவள் கையில் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல வெயில். மல்லூர் தாண்டுவதற்குள் வியர்வையில் பூச்சு வழிந்து கழுத்துக்கு இறங்கியது. “வீணாப் போகுதே” என்று நான்தான் அங்கலாய்த்தேன். அவள் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, எதிரே இருந்த பெண்பிள்ளையிடம் எந்த ஊர், எத்தனை குழந்தைகள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த வாரம் கேமராச் சோதனைக்கும் நானே கூடப் போனேன். அங்கே அவள் மேக்கப் அறைக்குப் போவதற்கு முன்னாலேயே டைரக்டர் எதிரில் போய் நின்றாள். “என்ர மூஞ்சி இதுதானுங்க. பூசினா வேறயாத் தெரியும். ரெண்டையும் பாத்துட்டுச் சொல்லுங்க.”

கதாநாயகி வேஷம் கிடைக்கவில்லை. அதற்கு வேறொருத்தியை வைத்திருந்தார்கள். கதாநாயகனின் தாய் வேஷம் இவளுக்கு வந்தது. முப்பது வயதில் தாயா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. அவள் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டாள். அதன்பின் நாலைந்து படங்களில் தாயாகவும் மாமியாராகவும் வந்தாள். ஜனங்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அந்தச் சோதனை முடிந்து மூன்று மாதத்தில் அவள் சொல்லி என்னையும் அந்தப் படக் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, நாற்பது போர்வீரர்களுக்கு மீசை ஒட்டுவது.